கை தூக்கினால் நடுவர் வருவார்

தென்காசிப் பழைய பேருந்து நிலைய முக்கில் போக்குவரத்துப் பணியில் நிற்கும் இசக்கிச்செல்விக்கு விசில் பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. ஒருவழிப் பாதையில் எதிரே வருகிறவனைப் பார்த்து "ஏலே" என்று ஒரு குரல் கொடுத்தால், அவனோடு சேர்ந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிற ஆட்டோவும் நின்றுவிடும். அந்தக் குரல் காக்கிச் சட்டையோடு வந்ததல்ல. தம்பி சுடலைராஜுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போனது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கான பேச்சையும் அவள் ஒருத்திதான் பேசி வந்தாள். பள்ளிக்கூடத்தில் அவன் பென்சிலைப் பிடுங்கியவனிடம் சண்டை. டவுன் பஸ்ஸில் அவனைச் செவிட்டுப் பய என்ற கண்டக்டரிடம் சண்டை. பெண் பார்க்கப் போன வீட்டில் முகம் சுளித்த பெரியவரிடம்கூட, காபி டம்ளரை டக்கென்று கீழே வைத்துவிட்டு ஒரு சண்டை. எல்லாச் சண்டையிலும் அவளே ஜெயித்தாள். ஜெயித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது தம்பி நாலடி தள்ளி, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பான்.

அவனுக்கு இப்போது முப்பத்தொரு வயது. பிளக்ஸ் அடிக்கிற கடையில் டிசைனர். ஊரடங்குக் காலத்தில் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது செல்போனில் இருபத்தெட்டு ஆடப் பழகினான். செங்கோட்டைப் பக்கமும் கேரளத்திலும் உயிரை விட்டு ஆடுகிற சீட்டு அது. நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஜோடி, ஆளுக்கு எட்டுச் சீட்டு. இஸ்பேட்டும் கிளாவரும் கறுப்பு, ஆட்டினும் டைமனும் சிவப்பு. ஜாக்கிதான் பெரிய சீட்டு, அதற்கு மூன்று புள்ளி; அடுத்தது ஒன்பது, அதற்கு இரண்டு. மொத்தமுள்ள இருபத்தெட்டுப் புள்ளியில் எங்கள் ஜோடி இத்தனை எடுக்கும் என்று பதினாலிலிருந்து ஏலம் போலக் கேட்க வேண்டும். அதற்குக் கேள்வி என்று பெயர். அதிகம் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அந்தச் சீட்டின் இனம்தான் துருப்பு. மற்ற இனங்களை வெட்டும். ஆனால் இறக்கிய இனம் கையில் இல்லாதவர்தான் வெட்டலாம்.

செல்போனில் அவனை அடிக்க ஆள் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அவனுக்குக் காது கேட்காது என்பதே தெரியாது. செல்விக்கும் அவன்தான் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தான். மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு பேருமாக ஒரு மன்றத்துப் போட்டிக்குப் போனார்கள். முதல் ஆட்டத்திலேயே எதிர் ஜோடி, "அக்காளும் தம்பியும் ஜாடை காட்டுதாங்க" என்று கத்தியது. செல்வி அதைவிட உரக்கக் கத்தினாள். கூட்டம் கூடி, ஆளுக்கு ஆள் பேசி, கடைசியில் போட்டி நடத்தியவர்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார்கள். அன்றைக்குச் சுடலைராஜ் முன்னால் நடந்தான். திரும்பியே பார்க்கவில்லை. அவன் பார்க்காவிட்டால் அவளால் அவனோடு பேச முடியாது. வீடு வரைக்கும் அவன் முதுகோடுதான் நடந்து வந்தாள்.

இந்த ஆடியில், குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த சமயம், அவன் தன் போனைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் குத்தாலிங்கம் சீசனுக்காக நடத்துகிற இருபத்தெட்டுப் போட்டியின் பிளக்ஸ். சுடலைராஜ் கையாலேயே டிசைன் செய்தது. அருவிப் படத்துக்குக் கீழே அவன் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் ஒரு வரி இருந்தது: 'சந்தேகம் வந்தால் சத்தம் வேண்டாம். கை தூக்கினால் நடுவர் வருவார்.'

"இதுக்கென்னலே?" என்று செல்வி கையை விரித்தாள்.

"நம்ம பேரைக் குடுத்தாச்சு" என்று கைகளால் சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாட்ஜின் மாடி ஹாலில் எட்டு மேசைகள் போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியே சாரல் உள்ளே தெறித்துக்கொண்டிருந்தது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அப்படியே வந்து உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். நடுவர் குத்தாலிங்கத்தின் மகள் சண்முகப்பிரியா. சென்னையில் வேலை பார்க்கிறவள். அங்கே படம் போட்ட சீட்டுகளை வைத்து இளவட்டங்கள் ஆடுகிற போட்டிகளில் நாலைந்து வருஷமாக நடுவராக இருந்தவள். ஒல்லியான பெண். மைக் பிடிக்காமலே பேசினாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேட்டுக்கிடுங்க. ஆட்டத்துல ஏதாவது சந்தேகம், தப்புன்னு தோணினா சீட்டைக் கவுத்தி வச்சிட்டுக் கையைத் தூக்குங்க. நான் வருவேன். நான் வார வரைக்கும் மேசையில கிடக்குத சீட்டை யாரும் தொடக் கூடாது, பேசவும் கூடாது. கூப்பிட்டவங்க முதல்ல சொல்லணும், எதிராளி அடுத்துச் சொல்லணும். ஒரு ஆட்டத்துத் தப்பை அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போடும் முன்னால சொல்லிரணும். இன்னொண்ணு, நடுவரைக் கூப்பிடுதது எதிராளியைத் திருடன்னு சொல்லுதது இல்ல. அதனால யாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிடாதீங்க."

"ஏட்டி, சொந்தக்காரன் எதிர்ல உக்காந்தா எப்படி கை தூக்குதது? அப்புறம் கல்யாணங்காச்சிக்கு யாரு கூப்பிடுவா?" என்று பின்னால் யாரோ கேட்க, ஹால் சிரித்தது. சண்முகப்பிரியாவும் சிரித்தாள். ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

செல்வி அவள் சொன்னதையெல்லாம் தம்பிக்குக் கைகளால் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைப் பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

நினைத்தபடிதான் நடந்தது. முதல் சுற்றில் எதிர் ஜோடியாக வந்தவர் சிவகிரியிலிருந்து வந்த எலுமிச்சை வியாபாரி முத்துகுமரன். ஜோடி அவருடைய மச்சான். சுடலைராஜ் தன் கேள்வியை விரலால் காட்டினான். செல்வி அதை வாயால் சொன்னாள். உடனே முத்துகுமரன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

செல்வி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். "என்ன அண்ணாச்சி, இப்ப என்ன கண்டுட்டீங்க? வாய் பேச முடியாதவன் விரலைக் காட்டாம எப்படிக் கேப்பான்?" ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சண்முகப்பிரியா வந்து நின்றாள். செல்வியைப் பார்த்து, "அக்கா, உக்காருங்க. கூப்பிட்டவங்க முதல்ல சொல்லட்டும்" என்றாள்.

முத்துகுமரனுக்கு வியர்த்துவிட்டது. "நான் ஒண்ணும் குத்தம் சொல்லலம்மா. அவரு விரலைக் காட்டுதாரு, இந்தத் தங்கச்சி சொல்லுது. அதுல எது கேள்வி, எது மத்த பேச்சுன்னு எங்களுக்குப் புரியல. அதைத் தெரிஞ்சிக்கிடத்தான் கூப்பிட்டேன்."

அவர் சொன்ன விதத்தில் கள்ளம் எதுவும் இல்லை. செல்வி உட்கார்ந்தாள். சண்முகப்பிரியா சுடலைராஜ் பக்கம் திரும்பி, அவன் உதட்டைப் பார்க்கும்படி முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "உங்களுக்கு எப்படி வசதி?" என்று கேட்டாள்.

"அவனுக்கு..." என்று செல்வி ஆரம்பித்தாள்.

"அக்கா, அவங்ககிட்டதான் கேட்டேன்."

அப்படி ஒரு வார்த்தையைச் செல்வி அதுவரை யாரிடமிருந்தும் கேட்டதில்லை. சுடலைராஜ் போனை எடுத்துத் தட்டி, நடுவரிடம் நீட்டினான். அவள் அதை மேசைக்குப் பொதுவாக வாசித்தாள்: "ஆட்டம் நடக்கும்போது என் கையில் சீட்டு மட்டும்தான் இருக்கும். அக்காவோடு பேச மாட்டேன். கேட்பதற்கு நம்பர் எழுதின தாள் வேண்டும். எனக்கு மட்டும் இல்லை, நாலு பேருக்கும்."

சண்முகப்பிரியா நேரே சுவருக்குப் போய், அங்கே தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டி, ஆகஸ்ட் பதினாலிலிருந்து இருபத்தெட்டு வரைக்கும் தாள்களைச் சரசரவென்று கிழித்தாள்.

"ஏட்டி ஏட்டி! அடுத்த மாசத்தைக் கிழிக்கியே!" என்று குத்தாலிங்கம் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார்.

"பதினாலுல இருந்து இருபத்தெட்டு வரைக்கும் சரியா இருக்குப்பா. இதைவிட வேறென்ன வேணும்?"

தாள்களை மேசையில் பரப்பினார்கள். இனிமேல் அந்த மேசையில் யாரும் வாயால் கேட்கக் கூடாது. தாளைத் தொட்டால் அதுதான் கேள்வி. வேண்டாமென்றால் மேசையை ஒரு தட்டு. துருப்பைத் திறக்கச் சொல்ல வேண்டுமானால் கவிழ்த்த சீட்டைத் தொட வேண்டும். முத்துகுமரன் முதல் ஆளாகப் பதினைந்தாம் தேதியைத் தொட்டு, "சுதந்திர தினம்" என்றார். அவர் மச்சான் சிரித்தார். சுடலைராஜ் பதினேழைத் தொட்டான். அந்த ஆட்டத்தில் அவன்தான் ஜெயித்தான். எழும்போது முத்துகுமரன் அவன் கையைக் குலுக்கிவிட்டு, "மேளம் இல்லாம ஆடுத ஆட்டம் நல்லாத்தான் இருக்கு" என்று செல்வியிடம் சொன்னார். அவள், "சாப்பிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றாள், ஏதோ தன் வீடு மாதிரி.

அடுத்த இரண்டு சுற்றிலும் காலண்டர் தாள்கள் அவர்கள் மேசை மேசையாகப் போன இடத்துக்கெல்லாம் கூடவே போயின. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இறுதி ஆட்டம். ஐந்து ஆட்டத்தில் மூன்று எடுத்தவருக்குக் கோப்பை. எதிர் ஜோடி யாரென்று பார்த்ததும் செல்வி எழுந்து நின்றுவிட்டாள்.

ஒருவர் தென்காசி வக்கீல் செந்தில்வேல். மற்றவர் நல்லக்கண்ணு. ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். செல்வி வேலைக்குச் சேர்ந்த முதல் ஸ்டேஷனில் அவர்தான் அதிகாரி. நாலு வருஷம் அவர் கீழே வேலை பார்த்தாள். அவர் முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"யாரு, செல்வியா? நல்லாருக்கியாம்மா?" என்றார் அவர்.

"நல்லாருக்கேன் ஐயா." கை தானாக நெற்றிக்குப் போகப் பார்த்தது.

"உக்காரும்மா. நீ நின்னுக்கிட்டே எப்படிச் சீட்டு ஆடுவ?"

உட்கார்ந்தாள். ஆனால் நாற்காலியின் நுனியில்தான்.

முதல் ஆட்டம் அக்கா தம்பிக்கு வந்தது. இரண்டாவதில் சுடலைராஜ் பதினெட்டுக் கேட்டு, கிளாவரைத் துருப்பாகக் கவிழ்த்து வைத்தான். கையில் டைமன் ஜாக்கி இருந்தது. அதை இறக்கினான். அடுத்து நல்லக்கண்ணு. தன் சீட்டுகளை விரித்துப் பார்த்தார், கண்ணாடியை மேலே ஏற்றிப் பார்த்தார், பிறகு கவிழ்ந்த துருப்பைத் தொட்டார். கையில் டைமன் இல்லை என்று அதற்கு அர்த்தம். துருப்பு திறக்கப்பட்டது. ஒரு கிளாவரைப் போட்டு ஜாக்கியை வெட்டிக்கொண்டு போனார்.

இரண்டு சுற்றுக் கழித்து செல்வி ஆட்டின் இறக்கினாள். நல்லக்கண்ணு யோசிக்காமல் ஒரு சிவப்புச் சீட்டைப் போட்டார். அது டைமன் எட்டு.

செல்வி அதைப் பார்த்தாள். டைமன் கையில் இருக்கும்போதுதான் அவர் ஜாக்கியை வெட்டியிருக்கிறார். அவள் நிமிர்ந்தபோது சுடலைராஜ் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். கை தோளைத் தாண்டியிருக்காது. செல்வி மேசைக்கு மேலே எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். சண்முகப்பிரியா அந்த நேரம் மூன்றாம் இடத்துக்கு ஆடிக்கொண்டிருந்த மேசைப் பக்கம் திரும்பியிருந்தாள். செந்தில்வேல் தன் சீட்டுகளில் மூழ்கியிருந்தார். நல்லக்கண்ணு மட்டும் ஒரு தடவை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆட்டம் தொடர்ந்தது. இரண்டு புள்ளி குறைந்து தோற்றார்கள். அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டாயிற்று. அதில் சுடலைராஜ் ஏனோதானோவென்று ஆடினான். அதுவும் போயிற்று. டீ குடிக்க இடைவேளை விட்டார்கள்.

வராந்தாவில் அவன் சுவரோரமாக நின்றான். செல்வி டீயை நீட்டினாள். வாங்கவில்லை.

"அவரு என் ஆபீசர்லே. வேணும்னு செய்யுத ஆளு இல்ல. பெரிய மனுசன் மேல போயி எப்படி..." என்று டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் கைகளால் சொன்னாள்.

அவன் தன் வலது மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்துக் காட்டினான். பிறகு அந்த இடது கையை அப்படியே எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டான். அவ்வளவுதான்.

செல்விக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவனுக்குக் கைதான் வாய். பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் எத்தனையோ பேர் அவனைக் கேலி செய்திருக்கிறார்கள், பேசாமல் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் யாரும் அவன் வாயைப் பொத்தியதில்லை. அதை இன்றைக்கு அவள் செய்தாள்.

"ரெண்டாவது ஆட்டத்தைச் சொல்லிருவோமா?" என்று கேட்டாள்.

"அடுத்த சீட்டுப் போட்டாச்சு. விதி விதிதான்." கைகளை இறக்கினான். பிறகு, கொஞ்சம் யோசித்து, மறுபடி தூக்கினான். "இங்க சத்தம் போடுதவன் ஜெயிக்கல. கை தூக்குதவன் பேச்சைக் கேக்காங்க. என் ஆயுசுல இப்படி ஒரு இடத்தை நான் பாத்ததே இல்ல. அதைக் கெடுத்துராத."

நாலாவது ஆட்டம். இந்தத் தடவை செல்வி கேட்டாள், இருபது. கேட்ட பிறகுதான் அதிகம் கேட்டுவிட்டோமோ என்று பட்டது. பாதி ஆட்டம் போயிருந்தபோது இரு பக்கமும் நெருக்கிப்பிடித்து வந்துகொண்டிருந்தது. நல்லக்கண்ணு சீட்டு இறக்க வேண்டிய முறை. ஒரு சீட்டைப் பாதி உருவியிருந்தார். அப்போது செந்தில்வேல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இந்தச் சாரலைப் பாத்தா இஸ்பேட்டு மாதிரி கறுகறுன்னுல்லா வருது" என்றார். சும்மா சொன்ன மாதிரிதான் இருந்தது. இஸ்பேட்டு இறக்கு என்று ஜோடிக்குச் சொன்ன மாதிரியும் இருந்தது. நல்லக்கண்ணுவின் விரல்கள் அந்தச் சீட்டின் மேலேயே நின்றுவிட்டன.

செல்வி தம்பியைப் பார்த்தாள். அவன் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. காலையிலிருந்து இந்த ஹாலில் எல்லாரும் பயந்தது அவன் கைகளைப் பார்த்து. வாயைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. இந்தப் பேச்சை அவன் பிடிக்க முடியாது. அவள்தான் பிடிக்க வேண்டும்.

தொண்டைக்குள் அந்தப் பழைய குரல் ஏறி வந்தது. என்ன வக்கீல் சார், சாரலா, சீட்டா என்று ஒரு போடு போட்டால் ஹாலே அதிரும். வாயை இறுக மூடிக்கொண்டாள். சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். தினமும் லாரியை நிறுத்துகிற அந்தக் கையைத் தூக்கினாள். அது நடுங்கியது. நல்லக்கண்ணுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நடுவர்" என்றாள். பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"என்னம்மா இது?" என்று செந்தில்வேல் சிரித்தார். "மழை வருதுன்னு சொல்லுததும் குத்தமா? வக்கீல் மேலேயே கேஸ் போடுதியா?"

சண்முகப்பிரியா வந்தாள். "சார், நீங்க அடுத்துப் பேசலாம். அக்கா, சொல்லுங்க."

"ஐயா சீட்டு இறக்குத முறை. வக்கீல் சார், சாரல் இஸ்பேட்டு மாதிரி கறுகறுன்னு வருதுன்னு சொன்னாங்க. அவங்க என்ன நினைச்சுச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. அதை நான் சொல்லவும் வரல." செல்வி மூச்சு எடுத்துக்கொண்டாள். "இந்த மேசையில மூணு பேருக்கு அது கேட்டுது. நாலாவது ஆளுக்குக் கேக்கல. அதான் கூப்பிட்டேன்."

செந்தில்வேல் வாயைத் திறந்தார். வாதம் பண்ணிப் பழகிய வாய். ஆனால் அவள் குற்றம் சொல்லியிருந்தால்தானே மறுக்க முடியும்? "நான் சொன்னது வாஸ்தவம்தான்" என்றார் கடைசியில். "மனசுல ஒண்ணும் வச்சுச் சொல்லல."

"சரி சார். வச்சுச் சொன்னீங்களான்னு நான் கேக்கப் போறதில்ல" என்றாள் சண்முகப்பிரியா. "ஆனா இஸ்பேட்டுங்கிற வார்த்தை வந்துட்டு. அதனால இந்தச் சுத்துல ஐயா வேற இனம் கையில இருந்தா இஸ்பேட்டு இறக்கக் கூடாது. ஆட்டம் முடியுத வரைக்கும் இந்த மேசையில யாரும் பேச வேண்டாம். ஆடுங்க."

சண்முகப்பிரியா நடந்ததையும் தன் தீர்ப்பையும் போனில் தட்டிச் சுடலைராஜிடம் காட்டினாள். அவன் வாசித்தான். செல்வியை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் எதையும் காட்டவில்லை. ஆட்டம் நடக்கிறது அல்லவா. ஆனால் அவன் முதுகு நேரானது.

நல்லக்கண்ணு ஏற்கெனவே பாதி உருவியிருந்த சீட்டையே இறக்கினார். அது ஆட்டின் பத்து. சுடலைராஜ் அதை ஆட்டின் ஜாக்கியால் பிடித்தான். அதற்குப் பிறகு சீட்டு விழும் சத்தமும் வெளியே மழைச் சத்தமும்தான். இருபத்தொன்று எடுத்தார்கள். இரண்டுக்கு இரண்டு.

கடைசி ஆட்டத்தை எப்படிச் சொல்வது. நல்லக்கண்ணுவுக்குக் கை நிறையச் சீட்டு வந்திருந்தது. பத்தொன்பது கேட்டார். அதை உடைக்கச் சுடலைராஜ் செய்யாததில்லை. கையில் இருந்த ஒரு ஒன்பதைக் கடைசிச் சுற்று வரைக்கும் விடாமல் வைத்திருந்தான். அதுவும் துருப்பில் போய் மாட்டியது. சரியாகப் பத்தொன்பது. ஒரு புள்ளி குறைந்திருந்தால் கோப்பை இந்தப் பக்கம்.

கை தட்டினார்கள். குத்தாலிங்கம் ஒரு துண்டும் கோப்பையும் கொண்டுவந்தார். செந்தில்வேல் செல்வியிடம் வந்து, "நல்லாப் பேசுனம்மா. கோர்ட்டுல எவனும் இவ்வளவு சுருக்கமாப் பேச மாட்டான்" என்றார். அதில் கொஞ்சம் புளிப்பு இருந்தது. கொஞ்சம் நிஜமும் இருந்தது. செல்வி கும்பிட்டாள். உள்ளுக்குள் அவளுக்கு இரண்டாவது ஆட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவன் கையை விட்டிருந்தால் மூன்றாவது வெற்றி நாலாவது ஆட்டத்திலேயே வந்திருக்கும்.

நல்லக்கண்ணு கோப்பையை மேசை மேல் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். சுடலைராஜை எதிரே உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். தன் போனை எடுத்து, ஒற்றை விரலால் ரொம்ப நேரம் தட்டி நீட்டினார். செல்வி எட்டிப் பார்த்தாள்: 'இரண்டாம் ஆட்டத்தில் எதற்குத் தம்பி கை தூக்கினீர்?'

சுடலைராஜ் அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவன் சீட்டுக்கட்டை எடுத்து, டைமன் ஜாக்கியை இறக்கி, அதன் மேல் கிளாவரை வைத்து, தள்ளி டைமன் எட்டை வைத்தான். நல்லக்கண்ணு அந்த எட்டை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். மறுபடி கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"அட" என்றார். "ஆட்டின்னுல்ல நினைச்சேன்."

சீட்டைக் கையில் வைத்தபடியே செல்வியிடம் திரும்பினார். ஸ்டேஷனில் கேட்ட அதே கனத்த குரல்.

"நீ ஏம்மா தடுத்த?"

"ஐயா... உங்க மேல எப்படி... மரியாதைக்கு..."

"எது மரியாதை? கூப்பிட்டிருந்தா அந்த நடுவர் பிள்ளை வந்து, ஐயா, கண்ணாடியைத் துடைச்சிட்டு ஆடுங்கன்னு சொல்லியிருக்கும். ஒரு ஆட்டம் போயிருக்கும். அதோட விட்டுது. இப்பம் பாரு, இந்தக் கோப்பையைக் கொண்டுபோயி வீட்டுல வச்சேன்னா தினம் காபி குடிக்கையில என்னை முறைக்கும்."

"தப்புத்தான் ஐயா."

"தப்புதான். ஆனா நாலாவது ஆட்டத்துல தூக்கினியே, அது சரி. நான் உன் கையைப் பாத்தேன். என்னமா நடுங்குச்சு!" அவர் சிரித்தார். சிரிப்பு முகத்துக்குப் பழக்கமில்லாதது போல ஒரு பக்கமாக வந்தது. "புது ஆளா இருக்கையில, கண்ணு முன்னால நான் ரிப்போர்ட்டுல தேதியைத் தப்பா எழுதினாலும் சரிங்கய்யா சரிங்கய்யான்னு நிப்ப. இப்பவாவது தூக்கினியே."

குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டார். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாரோ என்று செல்வி பதறினாள். அவர் அப்படிச் செய்யவில்லை. "ஓய், ஆவணியில செங்கோட்டையில ஒரு போட்டி இருக்குன்னு சொன்னீரே, அதுக்கு என் பேரை எழுதிக்கிடும்" என்றார். "ஜோடி வக்கீல் இல்ல. அவரு வாயை வச்சிக்கிட்டு ஒரு மழைக்குக்கூட ஒதுங்க முடியாது." பிறகு சுடலைராஜை விரலால் காட்டினார். "தம்பி சம்மதிச்சா, இவரு."

செந்தில்வேல் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். செல்வி இதைக் கையால் சொல்ல வாயெடுத்தாள், அதாவது கையெடுத்தாள். அதற்குள் நல்லக்கண்ணு போனில் தட்ட ஆரம்பித்திருந்தார். அவர் தட்டி முடிக்கும் வரைக்கும் சுடலைராஜ் பொறுமையாக இருந்து, வாசித்து, பதில் தட்டினான். அவர் அதை வாசித்துவிட்டுப் பலமாகத் தலையை ஆட்டினார். "முதல்ல கண்ணாடியை மாத்தணுமாம்லா!" என்று ஹாலுக்குப் பொதுவாகச் சொன்னார். பிறகு இரண்டு பேரும் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கடைசி ஆட்டத்தை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினார்கள். சுடலைராஜ் அந்த ஒன்பதைக் காட்டி, அதை எங்கே போட்டிருக்கலாம் என்று கேட்டான். அவர் ஒரு இடத்தைக் காட்டினார். அவன் இல்லை என்றான். அவர் இன்னொரு இடத்தைக் காட்டினார்.

செல்வி கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள். யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

படி இறங்கி வெளியே வந்தாள். மழை விட்டிருந்தது, மலையை மேகம் மூடியிருந்தது. ரோட்டோரம் ஒரு அம்மா ரம்புட்டானைக் குவித்து வைத்து, "வாங்கக்கா, தேன் மாதிரி" என்றாள். செல்வி கால் கிலோ வாங்கி, அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்து ஒன்றை உரித்தாள். மேலே மாடியிலிருந்து நல்லக்கண்ணுவின் சிரிப்புச் சத்தம் வந்தது. எதற்குச் சிரிக்கிறார் என்று போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. போகவில்லை. இன்னொரு பழத்தை எடுத்துத் தோலை மெதுவாகப் பிய்த்தாள்.